பிறைமர் அடிக்காத சுவர்

ஸ்காபரோ
மாசி 22, 2009

அன்புள்ள பேனாட்டுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். இந்த வீட்டில் அது இல்லை.

போன் எடுக்காமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் வாய் திறக்க முதலே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கத் தோன்றும். அதோடு, நான் யாழ்ப்பாணத்திலும் நீங்கள் ரொறன்ரோவிலும் இருந்த காலத்தில் நான் விரும்பியது கடிதம் எழுதிய பேனாட்டைத் தான். அந்த ஆள் இன்னும் பிறம்ரன் பக்கம் எங்கேயாவது உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்போம்.

நடந்ததை ஒருதரம் முழுதாகச் சொல்லவிடுங்கள். சண்டையில் நான் பாதி, நீங்கள் பாதி சொல்லி ஒன்றும் முடியவில்லை.

கொர்னேலியா அன்ரியை நான் வீட்டுக்கு வந்து பராமரித்த வருடங்கள் உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்துக்குப் போவதென்று முடிவெடுத்தபோது அவர் ஒரு ஏஜென்டையும் கூப்பிடவில்லை. குசினி மேசையில் இருந்தபடி என்னிடம் தான் கேட்டார். "வீட்டை நீ வாங்கு வேரோனிக்கா. ஆனால் நான் படம் கீறின இந்தச் சுவரைத் தொடாதை. வருசா வருசம் வைகாசி அஞ்சாம் திகதி நான் வருவன். லேனாவின்ரை முகத்திலை கொஞ்ச வேலை இருக்கு, செய்துபோட்டுப் போயிடுவன்." நான் ஓம் என்றேன். நீங்கள் அடுப்புப் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், கையில் தேத்தண்ணீர்க் கோப்பை கூட இருந்தது.

பிறகு நீங்கள் செய்தது என்ன? குடிபுகுவதற்கு முந்தின நாள் நான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீடு முழுக்கப் புதுப் பெயின்ற் மணம். வரவேற்பறை வெள்ளை, நடை வெள்ளை. குசினிக்குள் போனேன், அந்தச் சுவரும் வெள்ளை. நீங்களும் தில்லையம்பலம் அண்ணையும் ஏணியில் நின்று, "எப்பிடி?" என்று சிரித்தீர்கள். எனக்கு ஒரு சந்தோஷம் தர நினைத்தீர்களாம். அடுத்தநாள் காலை பாதர் வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரித்தார், அதே சுவருக்கு முன்னால் பால் பொங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஆட்கள் போன பிறகு கேட்டேன். நீங்கள் சொன்னது இப்போதும் காதில் கிடக்கிறது. "அங்கை சனம் சாகுது. நீ இஞ்சை ஒரு சுவருக்கு அழுறாய்." சொல்லிவிட்டு உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தில்லையம்பலம் அண்ணையின் பேஸ்மென்ருக்குப் போய்விட்டீர்கள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நீங்களும் போனால் மிஞ்சுவது நானும் அந்த வெள்ளையும் தான்.

வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருக்கும் உங்கள் அக்கா, கிளடிஸ் மச்சாளுக்காக நானும் தான் செபமாலை சொல்கிறேன். அவரை நினைத்தால் எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை. ஆனால் ஒரு துயரத்தைக் காட்டி இன்னொரு பிழையை மூடலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

வைகாசி ஐந்து வரப்போகிறது. அன்ரி வருவார். அவருக்கு நான் சொல்லமாட்டேன். பூசியவர் நீங்கள், நீங்களே வந்து சொல்லுங்கள்.

கோபத்துடன், ஆனாலும் உங்கள்
வேரோனிக்கா


பிறம்ரன்
பங்குனி 1, 2009

அன்புள்ள வேரோனி,

கடிதம் கிடைத்தது. தில்லையம்பலம் அண்ணை உறையைப் பார்த்துவிட்டு, "என்னடாப்பா, ரொறன்ரோவிலையிருந்து பிறம்ரனுக்குக் காதல் கடிதமோ" என்று கேட்டார். லோயர் கடிதம் என்றேன். நம்பிவிட்டார்.

நீர் எழுதிய நடையில் ஒரு குறையும் இல்லை. நியாயத்தில் தான் குறை. குடிபுகும் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்காமல் பால் காய்ச்சிய ஒரு தமிழனை எனக்குக் காட்டும். வேதக்காரர், சைவக்காரர் என்று பேதமில்லை, பழைய ஆட்களின் கை பட்ட சுவரோடு ஒருவரும் புது வாழ்வு தொடங்குவதில்லை. உம்முடைய அம்மாவும் அதைத் தான் போனில் சொன்னா. நேரம் காலை ஆறரைக்கென்று குறித்தாயிற்று. இருந்தது ஒரே ஒரு நாள். வரவேற்பறைக்கு வாங்கிய தண்ணிப் பெயின்றில் மிச்சம் இருந்தது, அதைக் குசினிக்கும் அடித்தோம். காயுமா காயாதா என்ற பதற்றத்தில் அடிப்பூச்சு, அந்தப் பிறைமர் கூட அடிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டவனுக்குக் கிடைத்த பரிசைத் தான் நீர் கண்டீர்.

தலையாட்டினேன் தான். வீடு வாங்கும் நேரத்தில் விற்கிறவர் என்ன சொன்னாலும் யாரும் தலையாட்டுவார்கள். அந்தக் கிழவிக்குப் பராமரிப்பு இல்லத்தில் நேற்றுச் சாப்பிட்டதே நினைவிருக்காது. வைகாசியில் வருவாவாம்.

ஒல்லாந்தர் கோட்டையைக் கட்டிக்கொண்டு, எங்கள் பூட்டன்மார் பூசை கேட்க ஒளித்துத் திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த ஒல்லாந்துக் கிழவி ஒருத்தியின் சுவரைக் காப்பாற்ற என் பெண்சாதி கண்ணீர் விடுகிறாள். இதைப் பகிடியாகத் தான் எழுதுகிறேன். சிரிக்காவிட்டால் பரவாயில்லை.

அக்கா கடைசியாகப் பேசியது தை மாதம், புதுக்குடியிருப்பிலிருந்து. "தம்பி, பாண் மா முடிஞ்சுது, நாங்கள் சுகமாயிருக்கிறம்" என்றா. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னா. அம்மா செத்த பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவ அவ. வேலையில் சரக்கு ரக்குகளை எந்த வீதியால் அனுப்புவது என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்காவை எந்த வீதியால் வெளியே எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இந்த நேரத்தில் சுவர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிழவியிடம் குழாய் வெடித்துச் சுவர் பழுதாகிவிட்டது என்று சொல்லும். முடிந்தது.

பேனாட்


ஸ்காபரோ
பங்குனி 15, 2009

அன்புள்ள பேனாட்டுக்கு,

குழாய் வெடித்ததாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை விடப் பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்றும் அன்ரியைப் பார்க்கப் போனேன். கதிரையில் நிமிர்ந்து இருந்தார். உங்கள் நினைப்புப் போல மறதி ஒன்றும் இல்லை. முதல் கேள்வியே, "லேனா எப்பிடி இருக்கிறா?" "நல்லாயிருக்கிறா" என்றேன். "உன்ரை சமையல் எண்ணெய் முகத்திலை படாமல் பார்." "ஓம் அன்ரி."

அந்தச் சுவரில் யார் இருக்கிறார் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காத ஆளுக்கு நான் சொல்லப்போகிறேன்.

கொர்னேலியா அன்ரி ஒரு இடத்திலும் படம் கீறப் படிக்கவில்லை. தகப்பன் வாய்க்காலில் சரக்குப் படகு ஓட்டியவர். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்திச் சலவைக்கடையில் விட்டுவிட்டார்கள். படகில் பெயர் எழுதத் தகப்பன் வைத்திருந்த பெயின்ற் மிச்சத்தில் தான் முதன்முதல் கை வைத்தாராம். பலகைத் துண்டில் ஒரு வாத்து. தங்கை லேனா அதைப் பார்த்து, இது கோழி என்றாளாம். இன்றைக்கும் அந்தக் கோபம் அன்ரிக்கு முற்றாகத் தீரவில்லை.

உலகப் போரின் கடைசி மாரியில், ஒல்லாந்தில் அவர்கள் பக்கம் சாப்பாடு இல்லை. துலிப் பூக் கிழங்கை அவித்துத் தின்றார்கள். வைகாசியில் போர் முடிந்தது. கனடாக்காரரின் ஆமி ரக் தெருவுக்குள் வந்தது. மேலே நின்ற ஒரு பெடியன் லேனாவின் கையில் கோதுமை மாவில் சுட்ட வெள்ளைப் பாண் ஒன்றைக் கொடுத்தான். முழுப் பாணையும் அவள் அதிலேயே நின்று தின்றாள். பட்டினி கிடந்து காய்ந்த வயிறு தாங்கவில்லை. ஊர் முழுக்க மணி அடித்துக்கொண்டிருக்க, அவள் கிழமை முடிய முதல் செத்துப்போனாள். வயது பத்தொன்பது. "சண்டையிலை செத்தவையைக் கணக்கெடுத்தவை. சண்டை முடிஞ்ச பிறகு செத்தவையை ஒருத்தரும் எடுக்கேல்லை" என்று அன்ரி சொல்வார்.

பாண் கொடுத்த அந்தப் பெடியன் தான் ஜாக். அன்ரி அவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "அவனைப் போல லேனாவுக்காக அழுதவன் வேறை ஒருத்தனும் இல்லை" என்றார். நல்ல மனிதர், ஆனால் லேனாவின் படம் ஒன்றையும் வீட்டில் வைக்க விடமாட்டார், பார்க்க ஏலாது. அவர் ஹாட்வெயார் கடையில் வேலை. ஆட்கள் நிறம் பிழைத்துத் திருப்பிக் கொடுத்த எண்ணெய்ப் பெயின்ற் தகரப் பேணிகளை மனைவிக்குக் கொண்டுவருவார். அன்ரி அலுமாரிக் கதவுகளின் உட்பக்கத்தில் கப்பலும் பூவும் கீறினார். வெளியே தெரியாது. வந்தவர்களுக்கு ஜாக், "என்ரை மனிசி கதவுகள் செய்யிறா" என்பாராம்.

ஜாக்கை அடக்கம் செய்த வருடம் தான் குசினிச் சுவரைத் தொட்டார். மேசை, மேசையில் ஒரு பாண், அதை வெட்டாமல் பிடித்துக்கொண்டிருக்கும் லேனா. கைகள் பத்தொன்பது வயதுக் கைகள். முகம் மட்டும் லேனா உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு எத்தனை வயதோ அந்த வயது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வைகாசி ஐந்தும் பழைய முகத்துக்கு மேலே ஒரு வருடம் கூடிய முகம். சுருக்கம் ஒன்று, நரை கொஞ்சம். கைகளைத் தொடுவதில்லை. குளியலறைப் பச்சையில் ஒரு வானம், அந்த வருடம் கிடைத்த பேணி அது தான்.

ஓவியப் படக்கூடம் ஒன்றிலிருந்து வந்த ஒருவர், மேசை சரிந்து நிற்கிறது, பாண் உருண்டு விழப்போகிறது, மாலை வகுப்புக்குப் போனால் திருத்தலாம் என்றாராம். "இவ்வளவு காலம் விழேல்லை. நீ கதவைச் சாத்திப்போட்டுப் போ" என்று அனுப்பிவிட்டார்.

இதைத் தான் நீங்கள் மிச்சப் பெயின்றால் மூடினீர்கள்.

போன சனிக்கிழமை நான் கத்தியும் தின்னரும் வைத்துச் சுரண்டிப் பார்த்தேன். லேனாவின் முழங்கை இருந்த இடத்தில் வெள்ளையும் போனது, முழங்கையும் போனது, சுவர்க் காரை தெரிகிறது. கையை எடுத்துவிட்டேன். எனக்கு யார் மேல் ஆத்திரப்படுவதென்றே தெரியவில்லை. உங்கள் மேல் தான் படுகிறேன், நீங்கள் தான் பழக்கப்பட்ட ஆள்.

வேரோனிக்கா


பிறம்ரன்
சித்திரை 12, 2009
உயிர்த்த ஞாயிறு

வேரோனி,

பெருநாள் வாழ்த்து. பூசைக்குப் போகவில்லை. நேற்றுத் தான் ஒட்டாவாவிலிருந்து வந்தேன், பாராளுமன்றத்துக்கு முன்னால் பனியில் நின்ற கால் இன்னும் மரத்துக் கிடக்கிறது. போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், கோப்பியோடு வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போகிறார்கள். அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. யாரிடமிருந்தும் ஒன்றும் இல்லை.

உம்முடைய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அதற்குப் பிறகு வாசிக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சுவரில் யார் என்று நான் கேட்கவில்லை என்கிறீர். கேட்டேன். சாவி வாங்கிய அன்று கிழவியே சொன்னா. நீர் மேலே வேறு அறை பார்த்துக்கொண்டிருந்தீர். "என்ரை தங்கச்சி, செத்துப்போனா, நான் வயது போடுறன்" என்றா. ஏதோ மரக்கறித் தோட்டத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னா. செத்தவளுக்கு வருடா வருடம் வயது போடும் வீட்டில் இருந்து, அவளைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது. என் அக்கா உயிரோடு இருக்கிறா. அந்த முகத்தைக் காணும் ஒவ்வொரு தரமும் எனக்கு வேறு நினைப்பு வந்தது. வரக்கூடாத நினைப்பு. அதனால் தான் மிச்சப் பெயின்றை எடுத்தேன். பால், பாதர், நேரம் எல்லாம் வசதியாக வந்து சேர்ந்தன.

இனி அதைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம். சுரண்டவும் வேண்டாம், உள்ளதையும் பழுதாக்குவீர்.

பேனாட்


ஸ்காபரோ
சித்திரை 26, 2009

அன்புள்ள பேனாட்டுக்கு,

எழுதவேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் உங்கள் ரக் டிரைவர் இல்லை.

முதலிலேயே ஏன் இதைச் சொல்லவில்லை? இரண்டு மாதமாக நான் ஒரு மூடனோடு சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்த மனிதனோடு பிடித்திருக்கிறேன். கடிதத்தை வாசித்துவிட்டு உங்களுக்காக அழுதேன். பிறகு மறுபடி கோபம் வந்தது. இரண்டும் உங்களுக்குத் தெரியட்டும்.

புதினம் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை புட்டு அவித்தேன். நீத்துப்பெட்டியால் வந்த ஆவி நேரே சுவரில் பட்டது. கொஞ்ச நேரத்தில் அடுப்புக்கு மேலே வெள்ளைப் பெயின்ற் கொப்புளம் போட்டது. நகத்தால் தொட்டேன், வாழைத்தண்டுத் தோல் போல நீளமாக உரிந்து வந்தது. உள்ளே பாணும் லேனாவின் இடது கையும், ஒரு கீறல் இல்லை. எண்ணெய்ப் பெயின்றுக்கு மேலே பிறைமர் இல்லாமல் தண்ணிப் பெயின்ற் அடித்தால் பிடிக்காதாம், ஹாட்வெயார் கடையில் கேட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்யும் உங்கள் குணத்துக்குக் கல்யாணம் முடித்து இன்றைக்குத் தான் முதன்முதலாக நன்றி சொல்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் புட்டு. காலையும் புட்டு, பின்னேரமும் புட்டு. பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தேன், வேலையிடத்துக்குக் கொண்டுபோனேன். மிச்சத்தைத் தில்லையம்பலம் அண்ணையிடம் கொடுத்துவிட்டேன், போராட்டத்தில் நிற்பவர்களுக்குக் கொடுக்கும்படி. நீங்கள் சாப்பிட்ட புட்டு அது தான். லேனாவின் கையைத் திறந்த புட்டு.

மேசையும் இரண்டு கையும் வந்துவிட்டன. முகம் உயரத்தில் இருக்கிறது, ஆவி அங்கே போகாது. சுடுதண்ணீர்ப் பானையைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், உரிக்க ஒருவர் வேண்டும். எனக்கு இரண்டு கை தான்.

அன்ரிக்கு நெஞ்சுச் சளி. டாக்டர் வெளியே போகக்கூடாது என்கிறார், அன்ரியோ ஐந்தாம் திகதிக்கு வான் வண்டிக்குச் சொல்லிவிட்டார். ஒருநாள் வாருங்கள், பேனாட். ஒரு பின்னேரம் போதும்.

வேரோனிக்கா


ஸ்காபரோ
வைகாசி 6, 2009

பேனாட்டுக்கு,

நீங்கள் வரவில்லை. நேற்று அன்ரி வந்தார்.

வான் வண்டியிலிருந்து சக்கர நாற்காலியோடு இறக்கினேன். மடியில் ஒரு தகரப்பெட்டி, அதற்குள் தூரிகைகள், சின்னப் பேணி ஒன்று. குசினிக்குள் தள்ளிக்கொண்டு போனேன். இங்கிலிஷில் நடந்ததை எங்கள் தமிழில் எழுதுகிறேன், அந்தக் கோபம் எங்கள் தமிழில் தான் சரியாக வரும்.

சுவரைப் பார்த்தார். மேசை, பாண், கைகள். அதற்கு மேலே வெள்ளை.

"லேனாவின்ரை முகம் எங்கை?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நாளும் சொன்ன பொய்யையும் சேர்த்து.

"ஆர் அடிச்சது?"

"என்ரை மனிசன்."

"அவன் பெயின்ரரோ?"

"இல்லை அன்ரி. ரக் கொம்பனியிலை வேலை."

"பிறைமர் அடிச்சவனோ?"

"இல்லை."

"மடையன்" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியைக் கிட்டத் தள்ளச் சொல்லி, எட்டிய இடத்தில் நகத்தை வைத்துக் கொஞ்சம் உரித்தார். லேனாவின் கழுத்து தெரிந்தது. அதோடு நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார்.

உங்களைப் பற்றிச் சொன்னேன். கிளடிஸ் மச்சாளைப் பற்றியும் சொன்னேன். இரக்கப்படுவார் என்று நினைத்த நான் தான் மடைச்சி. "ஜாக்கும் பாக்கமாட்டான். அவன் பாக்காமலே செத்தான். அதுக்காக நான் முப்பது வருசம் அலுமாரிக்குள்ளை கீறினன். இனி ஒரு ஆம்பிளையின்ரை பயத்துக்கு நான் சுவர் விடமாட்டன்" என்றார். பிறகு, "மூடினவன் உரிக்கட்டும். அதுவரைக்கும் நான் வரமாட்டன். நீயும் என்னைப் பாக்க வராதை" என்றார்.

பெட்டியைத் திறக்கவே இல்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக இந்த வைகாசியில் லேனாவுக்கு வயது ஏறவில்லை.

என்னை வரவேண்டாம் என்றுவிட்டார், பேனாட். என் கையால் குளித்து, என் கையால் சாப்பிட்ட மனுசி. நான் மூடவில்லை, ஆனால் தண்டனை எனக்கு. இனி உங்களைக் கெஞ்சவும் எனக்கு விருப்பமில்லை. புட்டு அவிப்பதையும் விட்டுவிட்டேன்.

வேரோனிக்கா


ஸ்காபரோ
வைகாசி 24, 2009

என் அன்பு பேனாட்,

இதில் சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பயப்படாமல் வாசியுங்கள்.

திங்கட்கிழமை அங்கே சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் காட்டியதிலிருந்து உங்கள் போனுக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. இங்கே பிளாசாவில் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசாமல் சாமான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கடைக்காரப் பெண் மிச்சக் காசைக் கையில் வைத்துவிட்டு, "உங்கட ஆக்கள்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

இன்று பூசை முடிந்து வர, தில்லையம்பலம் அண்ணை போன் எடுத்தார். கிளடிஸ் மச்சாள் வெளியே வந்துவிட்டாராம், வவுனியாப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறாராம், காலில் காயம், ஆனால் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னார். நான் நின்ற இடத்திலேயே முழங்காலில் இருந்துவிட்டேன். உங்கள் முகத்தை அந்த நேரம் பார்க்கவேண்டும் போல இருந்தது. எத்தனை மாதம் நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தீர்கள்.

இனி வீட்டுக்கு வாருங்கள். சண்டை எல்லாம் கிடக்கட்டும். மச்சாளை இங்கே எடுப்பதற்கு என்ன செய்யவேண்டும் என்று இருவருமாக இருந்து பார்ப்போம். அவர் வந்தால் இருக்க முன்னறையை ஒழுங்காக்கிவிட்டேன். கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டாயிற்று.

கதவைப் பூட்டாமல் காத்திருக்கும்
வேரோனிக்கா


ஸ்காபரோ, எங்கள் வீடு
ஆனி 13, 2009

அன்புள்ள வேரோனி,

இதற்குத் தபால் தேவையில்லை. புட்டுப் பானைக்குக் கீழே வைக்கிறேன்.

உம்முடைய கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அது கையில் கிடைத்த அன்று நான் சிரித்துக்கொண்டு திரிந்தேன், வேலையிடத்தில் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். உம்மிடம் வர உடுப்புக்கூட மடித்துவிட்டேன். அடுத்த கிழமை முகாமிலிருந்து அக்காவின் பக்கத்து வீட்டு மனிசி போன் எடுத்தா. காயம் சீழ்ப்பிடித்துக் காய்ச்சல் கண்டதாம். "தம்பி கனடாவிலை, வந்து கூட்டிக்கொண்டு போவான்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாவாம். வைகாசி இருபத்தேழாம் திகதி விடிய, அக்கா போய்விட்டா.

அக்கா இல்லை, வேரோனி. சண்டை முடிந்து பத்து நாளுக்குள். நீர் பங்குனியில் எழுதிய கடிதத்தை எடுத்து அந்த இடத்தைத் திரும்ப வாசித்தேன். சண்டை முடிந்த பிறகு செத்தவர்களை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை என்ற இடத்தை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. உம்மோடும்.

இன்று நீர் வேலைக்குப் போயிருப்பீர் என்று தெரிந்து தான் வந்தேன். கதவு பூட்டியில்லை. முன்னறையில் நீர் அக்காவுக்கு விரித்திருந்த கட்டிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு குசினிக்குள் வந்து அடுப்பில் பானையைக் கொதிக்க வைத்து இறக்கினேன். மேசைக்கு மேலே கதிரை, கதிரைக்கு மேலே பானை. ஆவி ஒழுங்காகப் போனது. சொல்லிக்கொள்கிறேன், தனி ஆள் செய்யக்கூடிய வேலை தான்.

முகம் வந்தது. ஆனால் நீர் பார்த்த முகம் இல்லை. வெள்ளையை இழுக்க அதோடு போன வருட முகமும் சேர்ந்து வந்துவிட்டது. அதற்கு முந்திய வருடமும் வந்தது. அவ ஒவ்வொரு வருடமும் எண்ணெய்ப் பெயின்றுக்கு மேலே எண்ணெய்ப் பெயின்றைச் சும்மா அடித்துக்கொண்டு வந்திருக்கிறா, அவவும் ஒருநாளும் பிறைமர் அடிக்கவில்லை. நிறுத்தப் பார்த்தேன், ஓரங்கள் தானாகக் கழன்றுகொண்டு வந்தன. நரை போனது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்கள் போயின. என் கண்ணுக்கு முன்னால் அந்த மனிசி இளமையாகிக்கொண்டு வந்தா. கடைசியில், அவ முதன்முதல் கீறிய முகத்தில் வந்து நின்றது. சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பது அது மட்டும் தான். அதற்கு ஐம்பது, ஐம்பத்தொன்று வயது இருக்கும்.

அக்காவின் வயது. ஒல்லாந்துக்காரி தான், மூக்கு நீளம், கண் நீலம். ஆனாலும் நான் அவவுக்கு முன்னால் இருந்து, நீர் வைத்துவிட்டுப் போன சோற்றைச் சாப்பிட்டேன். இறங்கியது. அழுதுகொண்டு தான் சாப்பிட்டேன்.

கொர்னேலியா அன்ரி என்னைச் சும்மா விடமாட்டா. அவவுடைய முப்பது வருட வேலையை நான் குப்பைப் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். எறியவில்லை, பின்கதவடியில் இருக்கிறது. மடையன் என்று சொல்லட்டும், அடிக்கட்டும். சொல்லவேண்டியதைச் சொன்ன பிறகு, ஒரு முகத்துக்கு ஒரு வருடத்தை எப்படிக் கூட்டுவது என்று அவவிடம் கேட்கவேண்டும். வருகிற வைகாசியில் அக்காவுக்கும் ஒரு வருடம் ஆகும், அதற்குள் எனக்கு அது தெரியவேண்டும்.

நான் உள்ளறையில் படுத்திருக்கிறேன். நீர் வந்ததும் எழுப்பும், இன்றைக்கே போவோம். நீர் வாய் திறக்கவேண்டாம், நானே சொல்கிறேன்.

பேனாட்